மசோதாவுக்கும் சாதி உண்டு

மசோதா எப்படிச் சட்டமாகிறது? பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏணி மாதிரி படம் போட்டிருப்பான். அறிமுகம், மூன்று வாசிப்பு, நடுவில் குழு, அப்புறம் அடுத்த அவை, கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து. முடிந்தது. யாருடைய மசோதா எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் சொல்லாது.

நான் மந்தைவெளிக்காரன். எங்க பேட்டையில் மாடி வீடும் உண்டு, குடிசையும் உண்டு. அடியில் ஓடும் சாக்கடை எல்லாருக்கும் பொது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்க எந்தச் சாதிக்காரன் வருவான் என்பது தெருவுக்கே தெரியும். “அதான் சட்டம் போட்டாச்சே, இன்னும் என்னப்பா?” என்கிறார்கள் மாடி வீட்டுக்காரர்கள். சட்டம் போட்ட கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மனிதன் மலத்தை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு 1993 ஜூன் 5இல் கையெழுத்தாகிவிட்டது. அமலுக்கு வந்தது 1997 ஜனவரி 26. நடுவில் மூன்று வருஷம் ஏழு மாசம் எங்கே போச்சு? மத்திய அரசு அறிவிக்கும் நாளில் அமலாகும் என்று சட்டத்திலேயே ஒரு வரி. அந்த நாளை எப்போது அறிவிக்க வேண்டும் என்பதற்குக் கெடு இல்லை. புத்தகத்து ஏணியில் இல்லாத படி இதுதான். சுகாதாரம் மாநிலப் பட்டியல் என்பதால், மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டாக வேண்டும். ஆந்திரா, கோவா, கர்நாடகா, மகாராஷ்டிரா, திரிபுரா, மேற்கு வங்கம் கேட்டன. சமூகநீதிக்குத் தாய்வீடு என்று மார்தட்டும் தமிழ்நாட்டின் பெயர் அந்தச் சட்டத்தின் முகப்பில் இல்லை.

அதுவும் உலர் கழிப்பிடத்தைத்தான் பார்த்தது. பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவனைக் கண்டுகொள்ள 2013 சட்டம் வரவேண்டியிருந்தது. அதை அமலாக்கிய நாள் டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். முந்தையதுக்குக் குடியரசு நாள். நாள் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்! 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக்கியது. சாவின் விலை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை.

‘பாராளுமன்றம் என்றாலே தாமதம்தானே’ என்பீர்கள். அப்படியா? பதவி உயர்வில் தலித், பழங்குடி இடஒதுக்கீட்டுக்கான 117ஆவது திருத்த மசோதா 2012 டிசம்பர் 17இல் மாநிலங்களவையில் 206க்கு 10 என்று ஜெயித்தது. மக்களவையில் போய்ப் படுத்தது, எழவே இல்லை. 2014இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் கூடவே செத்தது. அதுதான் விதி.

இன்னொரு மசோதா. தலித்துக்கும் பழங்குடிக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் கிடையாது என்று ஒதுக்கிவிட்டு, மற்ற சாதி ஏழைகளுக்குப் பத்து சதவீதம். 2019 ஜனவரி 8இல் மக்களவையில் வைத்தார்கள், அன்றைக்கே நிறைவேற்றினார்கள். 9இல் மாநிலங்களவை, 165க்கு 7. தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள். 12இல் கையெழுத்து. 14இல் அமல். ஏழே நாள்! அதே அவைகள், அதே விதிகள், அதே ஏணி. ஏறியவர்தான் வேறே.

இந்த ஏணியை அம்பேத்கருக்குத் தெரியாதா? இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நகரவிடாமல் அடித்தது அவர் 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்த காரணங்களில் ஒன்று. சட்டம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தோழர்களே, நமக்கொரு மசோதா என்று யாராவது மேடையில் முழங்கினால் கைதட்ட அவசரப்படாதீர்கள். அமலாகும் தேதி மசோதாவுக்குள்ளேயே எழுதியிருக்கிறதா? விதிகள் எந்த மாதத்துக்குள் வரும்? மீறுகிற அதிகாரிக்கு என்ன தண்டனை? பேட்டைக்கு ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி இந்த மூன்றையும் கேளுங்கள். அவர்களுக்கு ஏழு நாளில் முடிந்த வேலை நமக்கு மட்டும் ஏன் முடியாது?