வாயில் திறக்கும் தாதி

நோயுற்றவன் மருந்து தேடி வைத்தியசாலைக்குத் தானே செல்வான். நோய் இன்னும் வராதவனோ அப்பக்கம் எட்டியும் பாரான். ஆகவே, வருமுன் காக்கும் பணி கட்டிலருகே தொடங்குவதன்று; வீட்டு வாயிலிலே தொடங்குவது. அவ்வீடு வேற்றுநாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வீடாயின், வாயில் எளிதில் திறப்பதில்லை.

1893ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, குடியேறிய பெண்களுக்கு வீட்டில் நோயாளரைப் பேணும் முறையைக் கற்பித்து வந்தார் லிலியன் வால்ட் என்னும் இளந்தாதி. ஒருநாள் ஒரு சிறுமி வந்து, பிள்ளை பெற்று நலிந்து கிடந்த தன் தாயிடம் அவரை அழைத்துச் சென்றாள். அங்கே கண்ட காட்சி அவரது வாழ்வின் திசையை மாற்றியது. அவ்வாண்டே மேரி புரூஸ்டர் என்னும் தோழியுடன் அம்மக்களிடையே குடிபுகுந்தார். யூதரும் இத்தாலியருமாகிய அவ்வேழைகளுக்கு அவர் முதலில் அயலவரானார், பின்னரே தாதியானார்.

அக்காலத்தில் கண்ணோயும் தோல்நோயும் கண்ட மாணவர் பாடசாலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அடுத்துச் செய்ய வேண்டியது யாதென்பதைத் தாய்மார் பலர் அறியார். 1902இல் வால்டின் முயற்சியால் லினா றோஜர்ஸ் என்னும் தாதி நான்கு பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டார். அவர் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று, பேணும் முறையைத் தாய்மாருக்குச் செய்து காட்டினார். பிள்ளைகள் வகுப்புக்கு மீண்டனர்.

இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவரை நோக்குவோம். தெற்காசியரை நீரிழிவு மிகுதியாகப் பற்றுகிறது. ஐரோப்பியரிலும் குறைந்த பருமனிலேயே பற்றுகிறது. உடற்றிணிவுச் சுட்டியின் பொது எல்லை 25 ஆயினும், ஆசிய மக்களுக்கு 23இலேயே விழிப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கருதியது. அக்கருத்து 2004இல் வெளியாயிற்று. அளவுகோலே மக்களுக்கேற்ப மாறும்போது அறிவுரை மட்டும் மாறாதிருத்தல் முறையோ?

“சோற்றை விடுங்கள்” என்னும் தாதிக்கு நம் தாய் மரியாதையுடன் தலையசைப்பாள், மறுநாளும் உலையேற்றுவாள். பிட்டைக் குறைத்துக் கறியைக் கூட்டலாமா, தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி, விரத நாளில் மாத்திரையை எவ்வேளை உட்கொள்வது என்று உடனிருந்து உசாவும் தாதியின் சொல்லே அடுக்களை வரை செல்லும். மகனை மொழிபெயர்ப்பாளனாக நடுவே நிறுத்திவிட்டு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றித் தாயிடம் வினவினால் அவள் என்ன விடை கூறுவாள்? மௌனமே அவள் விடை. அம்மௌனத்தின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

“வந்த நாட்டின் வழக்கத்தை வந்தோரே கற்கட்டும்” என்பாரும் உளர். கற்கட்டும், கற்றும் வருகின்றனர். ஆனால், அவர்கள் கற்று முடியும்வரை நோய் காத்திராது. அன்றியும், “தமிழர் இத்தகையோர்” என்றொரு பட்டியலை மனனஞ் செய்து வருவதும் பண்பாட்டை அறிதலாகாது. யாழ்ப்பாணத்துக் கிழவியும் ரொறன்ரோவில் பிறந்த பேர்த்தியும் ஒரே வீட்டில் இருவேறு உலகங்களில் வாழ்கின்றனர். பட்டியலை மூடிவைத்து, எதிரே இருப்பவரைக் கேட்டறிவதே முறை.

மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் சேர்த்து எண்ணினார். மொழியும் வழக்கமும் வேறான இடத்தில் அருகிருத்தல் என்பது கட்டிலருகே நிற்பது மட்டுமன்று. அவர் மனத்தருகே செல்வதுமாகும். அதற்குரிய பயிற்சியையும் நேரத்தையும் தாதியருக்கு வழங்காத நாடு, எத்தனை துண்டுப்பிரசுரங்களை எத்தனை மொழிகளில் அச்சிட்டாலும், மூடிய வாயிலின் முன்னேதான் நிற்கும்.