எட்டு ஆழாக்கு ஒரு படி

போன வாரம் ஒருநாள் ராத்திரி, பக்கத்து வீட்டுப் பெண் மகளின் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். வடசென்னையின் கடலோரக் காத்திவாக்கத்தில் இருபது வருஷமாக மீன் விற்கிறவள். தராசு விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்றிவிட முடியாது.

"இன்னாண்ணே இது? நூறு எம்பின்னு சொல்லி மாசாமாசம் துட்டு வாங்கிக்கினு போறான். இதுல பன்னெண்டு கூட வரல. மீதி எங்க போச்சு?"

திரையில் மகளின் பாட வீடியோ இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் 11.7 என்று காட்டியது. அது இறங்கி முடிந்ததும் அவள் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். அது 94 என்றது. ஒரே இணைப்பு, ஒரே ஒயர், அடுத்தடுத்த நிமிஷம். இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு "ஒயர்ல லாஸ்" என்று சொல்லிவிட்டாராம். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் அவளிடம் கேட்டேன்: "உங்க ஆயா அரிசி அளந்த படி ஞாபகம் இருக்கா? எத்தனை ஆழாக்கு ஒரு படி?"

"எட்டு."

விஷயம் அவ்வளவுதான். கம்பெனி ஆழாக்கில் சொல்கிறது, லேப்டாப் படியில் அளக்கிறது. கம்பியில் போகிற தகவலின் மிகச் சிறிய அளவு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வேகத்தை நொடிக்கு இத்தனை பிட் என்று சொல்வது தொலைத்தொடர்புக்காரர்கள் வழக்கம். கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வது கம்ப்யூட்டர்காரர்கள் வழக்கம். 94 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 11.75 மெகாபைட். இரண்டு கணக்கும் சரி. நூறில் குறைகிற ஆறும் பெரும்பாலும் களவு போனதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் வரும்போது பெட்டியும் ஐஸும் சேர்ந்துதானே வண்டியில் ஏறுகின்றன? அதுபோல, அனுப்புகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரியும் சரிபார்ப்புக் குறியும் தேவை. அவையும் அதே கம்பியில்தான் வர வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு அடையாளமாவது இருக்கிறது. சின்ன பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். தமிழில் சின்ன எழுத்தும் கிடையாது, பெரிய எழுத்தும் கிடையாது. "எம்பி" என்று எழுதிவிட்டால் அது மெகாபிட்டா மெகாபைட்டா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர்களே "2 எம்பி லைன்" என்றுதான் பேசுவார்கள். அவர்கள் சொல்வது 2.048 மெகாபிட், பைட்டே இல்லை. அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பாதகமில்லை. விளம்பரத்தில் அப்படி வந்தால் பாதகம் உண்டு.

அந்த 2.048 எப்படி வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. லேண்ட்லைனில் நாம் பேசுகிற குரலை எக்ஸ்சேஞ்ச் நொடிக்கு 8,000 முறை அளக்கும். ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதும். பெருக்கினால் 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். அதுதான் ஒரு குரலின் இடம். அப்படி 32 இடங்களை ஒரே கம்பியில் அடுக்கினால் 2,048 கிலோபிட்.

இந்த 64-ஐ உங்களுக்கு வேறு இடத்தில் தெரியும். செல்போனில் தினம் 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்கிறோம். அது தீர்ந்த பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 கிலோபிட் ஆகிவிடும். ஒரே திட்டத்தில் இரண்டு அளவைகள்: 2 ஜிபி என்பது பைட், 64 என்பது பிட். எட்டால் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 8 கிலோபைட். 5 மெகாபைட் சான்றிதழ் ஒன்றை அந்த வேகத்தில் ஏற்ற 625 நொடி, பத்து நிமிஷத்துக்கும் மேல். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாள் ராத்திரி, சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைப் பார்த்து அழுத பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 64 என்ற எண் எவ்வளவு சின்னது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சின்ன கம்பிக்கும் பெரிய கம்பிக்கும் கணக்கு ஒன்றுதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, இதே வங்கக்கடலின் அடியில் போட்ட கேபிளைத் திறந்து வைத்தார்கள். போர்ட் பிளேர் வரை நொடிக்கு 400 கிகாபிட். எட்டால் வகுத்தால் 50 கிகாபைட். அரசின் பிராட்பேண்ட் வரையறையும் பிட்டில்தான் இருக்கிறது: 2004-இல் குறைந்தது 256 கிலோபிட், பிறகு 512, 2023 முதல் 2 மெகாபிட். 2 மெகாபிட் என்றால் நொடிக்கு கால் மெகாபைட். அதில் 1 ஜிபி படம் இறங்க 4,000 நொடி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதே படம் 100 மெகாபிட்டில் 80 நொடி.

ஆயிரமா 1,024-ஆ என்ற குழப்பம் தனி. இணைய வேகத்தில் எப்போதும் ஆயிரம்தான். 1,024 வருவது கம்ப்யூட்டர் சேமிப்பை எண்ணிக் காட்டும்போது; பென் டிரைவின் மேல் எழுதியிருப்பது ஆயிரக் கணக்கு. 128 ஜிபி பென் டிரைவைப் பல கம்ப்யூட்டர்கள் 119 என்று காட்டுவது அதனால்தான்.

முன்பு ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது. 1956-இல் நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்று சட்டம் வந்தது. இன்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் தராசை முத்திரை ஆய்வாளர் பார்த்து முத்திரை வைத்துத் தர வேண்டும். முத்திரை இல்லாமல் விற்றால் அபராதம். கால் கிலோ நெத்திலிக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது, மாதம் பல நூறு ரூபாய் வாங்குகிற இணைப்புக்கு அளவின் பெயரையாவது முழுசாகப் போட வேண்டாமா? தமிழில் அடிக்கிற நோட்டீஸிலும் ரசீதிலும் "நொடிக்கு 100 மெகாபிட்" என்று விரித்து எழுதட்டும். பக்கத்திலேயே "1 ஜிபி இறங்க சுமார் 80 நொடி" என்றும் போடட்டும். சில வார்த்தைகள்தான் கூடும்.

உங்கள் வீட்டு ரசீதை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். வெறும் "எம்பி" என்று போட்டிருந்தால், எந்த எம்பி என்று எழுத்தில் கேளுங்கள்.