எல்.ஆர்.ஈஸ்வரி ஹிட்ஸும் நான் நிறுத்திய பாட்டும்



போன வாரம் மருமகன் ஒரு பென் டிரைவ் தந்தார். 'எல்.ஆர்.ஈஸ்வரி ஹிட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், 'அம்மன் பாடல்கள்' என்று தனியாக இன்னொன்று. இந்தப் பாகப்பிரிவினையில் எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு.

1980-களில் விருதுநகர் பஜாரில் ஒரு கடையில் பாட்டு லிஸ்ட்டும் 60 நிமிட கேசட்டும் கொடுத்தேன். 'பணமா பாசமா' (1968) இலந்தப்பழப் பாட்டும் மாரியம்மன் பாட்டும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒப்பவில்லை. "அம்மனுக்குப் பக்கத்துல டான்ஸ் பாட்டா சார்? பி சைடுல போடுறேன்." சரியென்று வந்துவிட்டேன்.

கோரஸில் நின்று பாடி மேலே வந்தவர் ஈஸ்வரி. 'பாசமலர்' (1961) பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு நம் பக்கம் ஏது? 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) டி.எம்.எஸ்ஸோடு தூத்துக்குடிக்காரியாகவே மாறிவிடுவார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரி. அவர் குரல் இல்லாமல் நம் ஊர்ப் பங்குனிப் பொங்கல் ரேடியோ செட் கட்டியதில்லை. எழுபது வயதைத் தாண்டி 'ஒஸ்தி'யில் (2011) பாடினார், அதற்கும் பிள்ளைகள் ஆடினார்கள்.

ஆனால் மருமகன் தந்த ஹிட்ஸில் 'வெள்ளி விழா' (1972) பாட்டு இல்லை! வி.குமார் இசையில், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத மாதிரி பாடியிருப்பார். ஆட்டம் போட வைத்தால்தான் ஈஸ்வரி பாட்டு என்று தொகுத்தவர் நினைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா ஒத்திகையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதே பாட்டைத் தொடங்கினாள். அவள் அம்மா வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவர்; சுருட்டிக்கொண்டே பாடுவாராம், கேட்டுக் கேட்டுப் படித்தாளாம். இரண்டு வரிகூட ஆகவில்லை, நான் மைக்கை வாங்கிவிட்டேன். "ஈஸ்வரி பாட்டெல்லாம் மேடையில வேண்டாம்மா, நல்ல பாட்டாப் பாடு."

கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றாள். பிறகு ஒரு அம்மன் பாட்டைப் பாடினாள். முதலில் கைதட்டியவன் நான்தான். அதுவும் ஈஸ்வரி பாட்டு என்பது சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. வீட்டில் டேப் ரெக்கார்டருக்குள் என் கேசட் கிடந்தது, ஏ சைடு, பி சைடு என்று.

மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் கௌரவம் விடவில்லை.

பேர் போடவில்லை. படித்தால் உனக்கே தெரியும் தாயி. அந்தப் பாட்டை முழுசாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பு. உங்கம்மாவையும் கூடப் பாடச் சொல்.