கடைக்குட்டியைக் கண்டுக்காதது ஏனுங்க?

போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் இங்கிலீஷ் நாவல் படிக்கிறவர்களிடம், பிரான்டே சகோதரிகள் எழுதியதில் எது பிடிக்கும் என்று கேளுங்கள். ‘ஜேன் ஐர்’ என்பார்கள். இல்லையென்றால் ‘வூதரிங் ஹைட்ஸ்’. ரோசெஸ்டர் பெண்டாட்டியை மாடியில் பூட்டிவைத்துவிட்டு இன்னொருத்தியைக் கட்டக் கிளம்பியவன். ஹீத்கிளிஃப் நாயைத் தூக்கில் மாட்டியவன். இவனுங்கதான் காதல் மன்னர்களாம்! (ரோசெஸ்டர் கதையை 1969-ல் ‘சாந்தி நிலையம்’ ஆக்கி, ஜெமினி கணேசனையே போட்டோம்.)

கடைக்குட்டி ஆனி 1848-ல் எழுதிய ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ யாருக்கும் ஞாபகமில்லை. குடிகாரப் புருஷனை உதறி, மகனோடு வெளியேறி, படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள் ஹெலன். அன்றைய சட்டப்படி பிள்ளையும் அவள் சம்பாத்தியமும் புருஷனுக்கே சொந்தம்! ஆனி இறந்தபின், அதற்கு மறுபதிப்பே வேண்டாம் என்றது வேறு யாருமில்லை, அக்கா சார்லட்.

டாஸ்மாக் வாசலுக்குப் புருஷனைத் தேடிப் போகிற பெண்கள் நம்ம ஊரிலும் உண்டுங்க. மூணு கதையையும் அவங்ககிட்ட சொல்லிட்டு, அப்புறம் ஓட்டெடுப்பு நடத்துங்க.