மருந்துப் பெட்டிக்கும் ஒரு பூட்டு

பெறுநர்: சுகாதார அமைச்சு, கல்வி அமைச்சு, சிங்கப்பூர்
அனுப்புநர்: லிட்டில் இந்தியா வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் சங்கம்
பொருள்: பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மருந்துகளைப் பாதுகாப்பாக வைப்பது குறித்துப் பெற்றோருக்குத் தமிழில் பயிற்சி அளிக்கக் கோருதல்



துப்பாக்கியைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை. குற்றம் செய்கையில் துப்பாக்கியால் சுட்டவருக்கு மட்டுமல்ல, சுட முயன்றவருக்கும் மரண தண்டனை என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவில் நிலைமை வேறு. மனம் உடைந்த பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோரிடம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று மருத்துவமனையிலேயே கேட்பது அங்கே ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்திருக்கிறது. அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? இந்தச் சங்கம் இரவல் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியை.

தமிழ் வீடுகளில் அதற்குப் பதில் சொல்வது எளிதன்று. தாத்தாவின் நீரிழிவு மாத்திரை, பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை, பலதுறை மருந்தகத்தில் மாதக்கணக்குக்குச் சேர்த்துக் கொடுத்தவை, முஸ்தஃபா அங்காடியில் வாங்கிய காய்ச்சல் மருந்து எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். போதாததற்கு, சென்னையிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் ஊறுகாயோடு பத்து மாத்திரை அட்டையும் வந்து சேரும். காலாவதியானதையும் தூக்கியெறிய மனம் வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிக்கனமாக வளர்ந்த தலைமுறையின் வழக்கம் அது. அந்த டப்பா, பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

2022இல் சிங்கப்பூரில் 476 பேர் தற்கொலை செய்துகொண்டனர். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக அதிகம். 10 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதன்மைக் காரணமும் தற்கொலையே. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சோர்வு, பதற்றம், தனிமை போன்ற அறிகுறிகளைத் தெரிவித்தனர். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. நெருக்கடியில் வந்த பிள்ளைகளின் பெற்றோரிடம், மருந்தைப் பூட்டி வைப்பது பற்றி அவசரப் பிரிவிலேயே உட்கார்ந்து பேசினார்கள். மருந்து முழுவதையும் பூட்டி வைத்திருந்த வீடுகள் தொடக்கத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறகு தொடர்புகொண்டு கேட்டபோது 76 விழுக்காடு. 2016இல் வெளியான முடிவு இது. பெற்றோரே சொன்ன கணக்கு என்பதால் சற்றுக் கழித்துப் பார்த்தாலும் மாற்றம் பெரிது.

ஆனால், பெட்டியும் பூட்டும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அமைச்சு எண்ணிவிடக் கூடாது. இலங்கையின் வடமத்திய மாகாணக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வீடுவீடாகப் பெட்டி தந்து பார்த்தனர். 2017இல் லான்செட் இதழில் வெளியான அந்தப் பெரிய ஆய்வின்படி, நஞ்சருந்துதல் குறையவில்லை. அதே இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு தடை செய்தபோது தற்கொலை விகிதம் வெகுவாக இறங்கியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீட்டைவிட்டே வெளியேற்றி, ஊர்ப் பொதுக்கிடங்கில் பொறுப்பாளர் மேற்பார்வையில் வைத்த சிறிய முயற்சி நல்ல பலன் காட்டியது. ஆக, வீட்டில் இருப்பு குறைய வேண்டும். சாவியைப் பொறுப்பறிந்த ஒருவர் வைத்திருக்க வேண்டும்.

எனவே சங்கம் கோருவது: பலதுறை மருந்தகத்தில் மருந்து வழங்கும் முகப்பிலேயே, வீட்டில் பதின்ம வயதினர் உண்டா என மருந்தாளர் கேட்டு, இரண்டு நிமிடம் தமிழிலும் விளக்க வேண்டும். தேவையான வீட்டுக்கு மருந்தைக் குறைந்த அளவில், அடிக்கடி வழங்கலாம். அதற்காக முதியவரின் அலைச்சலும் செலவும் கூடிவிடக் கூடாது. மிஞ்சியதையும் காலாவதியானதையும் திருப்பித் தர அங்கேயே ஒரு பெட்டி வேண்டும். பள்ளிகளின் பெற்றோர் ஆதரவுக் குழுக்களும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் சேர்ந்து, உயர்நிலை ஒன்றில் பிள்ளை சேரும்போதே பெற்றோருக்குத் தமிழில் ஒரு வகுப்பு நடத்த வேண்டும்.

அந்த வகுப்பில் பூட்டை மட்டும் பேசினால் போதாது. “நாமே கேட்டால் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடாதா?” என்ற அச்சம் பல தாய்மாருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நேரடியாக, பதறாமல் கேட்பது எப்படி என்று பழக்கித் தர வேண்டும். 24 மணி நேர உதவிக்கு 1767, மனநல ஆலோசனைக்கு 1771 ஆகிய எண்கள் மருந்துப் பையிலேயே தமிழில் அச்சாகட்டும்.

முதற்கட்டமாகச் சிராங்கூன் சாலையிலுள்ள காலாங் பலதுறை மருந்தகத்தில் ஆறு மாதம் இதைச் சோதித்து, முடிவைப் பொதுவில் வெளியிடுமாறு வேண்டுகிறோம். முகப்பில் மொழிபெயர்க்கவும் வகுப்புக்கு ஆள் திரட்டவும் சங்கம் தன் தொண்டூழியர்களை அனுப்பும்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயற்குழு