தண்டவாளம் வரைந்த வரைபடம்

திருச்சி காட்டூரிலிருந்து பொன்மலை கூப்பிடு தூரம்தான். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் அங்கே இடம் மாறியபோது, ஓட்டுநர், ஃபிட்டர், கார்டு என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கூடவே வந்து சேர்ந்தன.

தமிழ்நாட்டில் இவர்கள் வேர்விட்ட ஊர்களைப் புள்ளி வைத்து இணைத்தால் பாதி ரயில்வே வரைபடம் வந்துவிடும்: பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, விழுப்புரம், போத்தனூர், பொன்மலை. பரங்கிமலை மட்டும் சற்று வேறு ரகம். அது பட்டாளத்து ஊர். (பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்கள்!)

இவர்களில் அயர்லாந்து வழிவந்தவர்கள் எந்த ஊரில் அதிகம் என்று கேட்டால் இங்கே பதில் கிடைக்காது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இதை ஊர்வாரியாகச் சொல்லிவிடலாம். அங்கே அரசின் கணக்கெடுப்பிலேயே பூர்வீகம் கேட்கிறார்கள். ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கும் நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவுக்கோ, தந்தை வழியில் ஓர் ஐரோப்பிய மூதாதை இருந்து, பிறப்பும் குடியிருப்பும் இந்தியாவாக இருந்தால் போதும். அவர் ஐரிஷா, போர்த்துக்கீசியரா, டச்சுக்காரரா என்ற கேள்வியே இல்லை. ஓ'பிரையனும் டிசோசாவும் அதற்கு ஒன்றுதான்.

சரி, மொத்தக் கணக்காவது உண்டா? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க ஆங்கிலோ இந்தியர் 296 பேர் என்று 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பொன்மலைத் தெருக்களில் நடந்தவர் எவரும் நம்பாத எண் அது. மறுமாதமே, 2020 ஜனவரியில், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் முடிவுக்கு வந்தன.

அடுத்த கணக்கெடுப்புக்குப் பொன்மலை வருகிறவர்கள், தயவுசெய்து ரயில்வே காலனிக்குள்ளும் ஒருமுறை போய்க் கேளுங்கள்.