டன் கணக்கு பேசறவங்களுக்கு ஒரு கிராம் கணக்கு

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரே சண்டை. கூடைப்பந்துல சென்டரா ஆடினவங்கள்ல பாயிண்ட் எடுக்கறதுல யாரு கில்லாடிங்கறதுதான் பஞ்சாயத்து. நெல்லைக்கார நண்பர் "வில்ட் சேம்பர்லைன், 50.4. முடிஞ்சுது"ன்னு டிபன் பாக்ஸை மூடிட்டார். மதுரைக்காரர் ஷாக் ஓ'நீல் கட்சி. நான் நிகோலா யோகிச்னு சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சாங்க. ஹூஸ்டன்ல உக்காந்துக்கிட்டு ஒலாஜுவான் பேரையாவது சொல்லியிருக்கலாமாம் :-)

சிரிக்கட்டும். நான் தங்கவயல், பாலகாட்காரன். சுரங்க லைன் வீட்டுல வளர்ந்தவனுக்கு உற்பத்திக் கணக்கு எப்படி ஏமாத்தும்னு யாரும் சொல்லித்தர வேணாம். எத்தனை டன் பாறை மேல வந்துச்சுங்கறது ஒரு கணக்கு. ஒரு டன்னுல எத்தனை கிராம் தங்கம்ங்கறது வேற கணக்கு.

1961-62 சீசன்ல வில்ட் ஆட்டத்துக்கு 50.4 பாயிண்ட் எடுத்தார். பிரமிப்புதான், இல்லைங்கலை. ஆனா 48 நிமிஷ ஆட்டத்துல சராசரியா 48.5 நிமிஷம் ஆடியிருக்கார் சாமி! கூடுதல் நேரத்துலயும் உக்காரலை. ஷாட் 39.5. ஃப்ரீ த்ரோ பாயிண்டையும் சேர்த்தே வகுத்தாலும் ஷாட்டுக்கு 1.28. ஷாக், 1999-2000ல, 21.1 ஷாட்டுல 29.7 பாயிண்ட், 1.41. யோகிச், 2024-25ல, 19.5 ஷாட்டுல 29.6, 1.52.

"வில்ட் காலத்துல மூணு பாயிண்ட் கோடே கிடையாதே"ன்னு நெல்லை கேட்டார். நியாயம். என்.பி.ஏ.வுல அது வந்தது 1979ல. அந்த வருஷம் லீக் மொத்தமும் 100 ஷாட்டுக்கு 43 கூட போடலை, வில்ட் 50க்கு மேல போட்டார். அதுக்கு மார்க் உண்டு. ஆனா ஷாக்குக்கு கோடு இருந்துச்சே? வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு மூணு பாயிண்ட்! ஃப்ரீ த்ரோ 52.7 சதவீதம். ஜெயிக்கணும்னா அவரைப் புடிச்சுத் தள்ளுங்கடான்னு எதிராளி தைரியமா சொல்ற அளவுக்கு. 2000 ஃபைனல்ஸ்ல ஆட்டத்துக்கு 38 எடுத்தார்ங்கறதும் நிஜம்தான். யோகிச் அதோட ஆட்டத்துக்கு 10.2 அசிஸ்ட் கொடுத்தார். ஷாக்குக்கு அந்த சீசன்ல 3.8.

இன்னொருத்தர் சபோனிஸ். 1986லயே போர்ட்லேண்ட் தேர்வு பண்ணின லித்துவேனியாக்காரர். வந்து சேர்ந்தது 1995ல, காலெல்லாம் போன பிறகு. என்.பி.ஏ. சராசரி 12 பாயிண்ட். பட்டியலைப் பார்த்தா சாதாரண ஆளு. அவர் பாஸ் கொடுக்கறதைப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, எங்கப்பா. வீடு பாலகாட், வேலை சாம்பியன் ரீஃப். மூணு கிலோமீட்டருக்கும் கீழ போற சுரங்கம், அடியில பாறையே கொதிக்கும். 2001 பிப்ரவரி 28ல எல்லாத்தையும் மூடினப்ப, ஒரு கல்யாண வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தர் அவர் முகத்துக்கு நேராவே சொன்னார்: "நீங்கல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா உற்பத்தி ஏன் குறையுது?" ஆரம்ப காலத்துல டன்னுக்கு 40 கிராமுக்கு மேல கொடுத்த பாறை, கடைசியில 4 கிராம் கொடுக்கவே முக்குச்சு. கைத்திறமை அதேதான், பாறைதான் வேற. அப்பா பதில் சொல்லாம இலையை மடிச்சு வச்சுட்டு எழுந்துட்டார். நான் பாதிச் சாப்பாட்டுல பின்னாடியே போனேன்.

போன தடவை இங்க வந்திருந்தப்ப யோகிச் ஆட்டம் ஒண்ணு டிவியில பார்த்தார். "ஏம்ப்பா, இவன் ஓடவும் மாட்டேங்கறான், குதிக்கவும் மாட்டேங்கறான், பால் மட்டும் உள்ள போயிடுதே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "எத்தனை தடவை போட்டு எத்தனை எடுத்தான்?"

நாளைக்கு கேன்டீன்ல நெல்லைக்காரர்கிட்ட இதையேதான் கேக்கப் போறேன்.